வாடகை போக மிச்சம் என்ன என்றும் கேளுங்கள்

இங்கிலாந்து நகர மன்றங்களின் பொதுச் சுகாதார இயக்குநர்களுக்கு,

வணக்கம். 2013-ல் பொதுச் சுகாதாரப் பொறுப்பு மறுபடி நகர மன்றங்களிடமே வந்துவிட்டது, ஆண்டறிக்கை எழுதும் கடமையும் உங்களுடையது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே நகரச் சுகாதார அதிகாரிகள் எழுதிய ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இதய நோய், புற்றுநோய், நிமோனியா, காசநோய், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே அட்டவணைதான். வடகிழக்கு இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரின் சுகாதார அதிகாரியாக இருந்த மருத்துவர் மெகானிகில் அதோடு நிற்கவில்லை.

அங்கே 1927-ல் ஹவுஸ்வைஃப் லேன் என்ற சேரியின் பழைய வீடுகளை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை, 710 பேரை, மவுண்ட் ப்ளெசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். குளியல் தொட்டி, உணவு வைக்கக் காற்றோட்டமான இடம் எல்லாம் இருந்த நல்ல வீடுகள். ஆனால் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஆயிரத்துக்கு 22.91 ஆக இருந்த இறப்பு விகிதம் 1928 முதல் 1932 வரை 33.55 ஆக ஏறிவிட்டது! இடம் மாறாமல் பழைய வீடுகளிலேயே இருந்த, அதே ஊரின் ரிவர்சைட் சேரியிலோ அதே காலத்தில் 26.10-லிருந்து 22.78 ஆக இறங்கியது.

தொற்றுநோயா, வீட்டில் கோளாறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிவிட்டு, அப்புறம் அவர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்தார். வாரம் சராசரியாக 4 ஷில்லிங் 8 பென்ஸ் இருந்த வாடகை 9 ஷில்லிங் ஆகியிருந்தது. வேலையில்லாத வீடுகளில் அந்தக் கூடுதல் காசு எங்கிருந்து வரும்? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். இறப்புப் பதிவேட்டில் நோயின் பெயர் ஏறும், சாப்பாட்டைக் குறைத்தது ஏறாது.

பழைய வீடுகளை இடித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வாடகையை யாரும் கணக்கில் எடுக்காததுதான் தப்பு.

நீங்கள் குடிமாற்றும் குடும்பங்களை ஐந்து வருடமாவது தொடர்ந்து பாருங்கள். வாடகையும் மின்கட்டணமும் போக அவர்கள் கையில் சாப்பாட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள், அதை இறப்பு விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், இடம் மாறாத பக்கத்துத் தெருவின் கணக்கையும் சேர்த்து. ஒரு நகர அதிகாரி அன்றைக்கே காகிதமும் பேனாவும் வைத்துச் செய்த வேலைதானே இது.