பிள்ளை அங்கே என்ன படிக்கிறாள்?

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகள்,

இன்றைக்கும் பெரியம்மா வந்து அதே கேள்வியைத்தான் கேட்டார். "பிள்ளை அங்கே என்ன படிக்கிறாள்?" மொறட்டுவையில் படிக்கிற அவரின் மகனுக்கு 'எஞ்சினியரிங்' என்று ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. எனக்கு மூச்சு வாங்குகிறது. நீ அனுப்பிய அட்டவணையை எடுத்து வாசித்தேன்: கணிதம், மானிடவியல், ரஷ்ய மொழி, மட்பாண்டம். மட்பாண்டத்தில் என்னை நிறுத்திவிட்டார். "சட்டி பானை செய்யவா அமெரிக்கா போனவள்?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், முதல் வருடம் முழுக்க அதே கேள்வி எனக்குள்ளும் ஓடியது. உன் கிரினெல் கல்லூரியில் எல்லாருக்கும் கட்டாயம் என்று முதல் தவணையில் டியூட்டோரியல் என்கிற சின்ன வகுப்பு ஒன்றுதான், மீதியை ஆலோசகரோடு பேசி நாங்களே தெரிவு செய்வோம் என்று நீ சொன்னபோது, இது என்ன பள்ளிக்கூடம் என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்ததும் மெத்ஸ், பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். நான் மெத்ஸ் பெட்டி. கொஞ்ச மார்க்ஸில் பல்கலைக்கழகம் தவறி, பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடைக் கணக்கு எழுதப் போனவன் இன்னும் அங்கேதான் எழுதுகிறேன்.

இந்தத் தவணைக்குள் பிரதான பாடத்தை அறிவிக்க வேண்டும், கணிதமா மானிடவியலா என்று கேட்டிருந்தாய். கணக்கப்பிள்ளை என்பதால் முதலில் கணக்குத்தான் பார்த்தேன். படிப்பு முடிந்து அங்கே வேலை பழக மாணவர் விசாவில் 12 மாதம் விடுகிறார்கள். கணிதம் என்றால் அதற்கு மேல் இன்னும் 24 மாதம். மானிடவியலுக்குப் பொதுவாக அந்த நீட்டிப்பு கிடையாது. ஆக, காசுப் பக்கம் கணிதம் வெல்கிறது. ஆனால் போனில் நீ மானிடவியல் வகுப்பைப் பற்றிக் கதைக்கும்போது உன் குரல் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டையும் பிரதானமாக எடுக்கலாம் என்றால் எடுத்துவிடு. முடியாவிட்டால் நீயே முடிவு செய், நான் கோபிக்கமாட்டேன்.

என் கவலை வேறு. ஆசிரியர்கள் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று இருக்கிறதாம், நீ இன்னும் இரண்டு தடவைதான் போயிருக்கிறாயாம். ஏன் என்று எனக்குத் தெரியும். பம்பலப்பிட்டி டியூசன் கொட்டகையில் முந்நூறு பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து, மைக் பிடித்துப் படிப்பிக்கிற சேரைத் தூரத்தில் பார்த்து வளர்ந்தவள் நீ. சந்தேகம் கேட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மொத்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய 1,700 பேர்தான். அந்தக் கதவுக்காகத்தான் பிள்ளை உன்னை அவ்வளவு தூரம், சோளக்காட்டுக்கு நடுவில், அனுப்பினோம்.

உன் கல்லூரியின் பழைய மாணவர் ரொபர்ட் நொய்ஸ் பற்றி வாசித்தேன். 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1948இல் விருந்துக்கென்று பக்கத்துத் தோட்டக்காரரின் பன்றியைத் திருடி மாட்டிக்கொண்டார். உங்கள் அயோவா மாநிலத்தில் பன்றி திருட்டு விளையாட்டுக் காரியம் இல்லையாம். பௌதிகவியல் ஆசிரியர் கிராண்ட் கேல் முன்னின்று பேசியதால், ஒரு தவணை இடைநிறுத்தத்தோடு தப்பினார். அதே கேல்தான், ட்ரான்சிஸ்டர் வெளிவந்த புதிதிலேயே பெல் ஆய்வுகூடத்திலிருந்து அதை வரவழைத்து அந்தச் சின்ன வகுப்பில் காட்டியவர். பெரிய பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பையனின் பெயராவது யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நீ பன்றி திருட வேண்டாம், கதவைத் தட்டினால் போதும். முதுகலை மாணவர்கள் இல்லாத கல்லூரி, ஆய்வு வேலைக்கு ஆசிரியர்கள் உங்களைத்தான் கூப்பிட வேண்டும். கோடைக்கால ஆய்வுத் திட்டம் பற்றிச் சொன்னாயே, அதை வாய்விட்டுக் கேள்.

சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பை கழுவும் வேலையை அம்மாவிடம் சொல்லாதே என்றாய். அவளுக்குத் தெரியும். இங்கே தேநீர்க் கோப்பையைக் குசினிவரை கொண்டுபோகாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், பிறகு அழுகிறாள். வாரத்துக்கு 20 மணித்தியாலம் என்ற எல்லையைத் தாண்டாதே. விசா விஷயம்.

போன கிழமை ரயிலில் வரும்போது வட்டுக்கோட்டைச் செமினரி நினைவுக்கு வந்தது. அப்பம்மாவின் ஊர் அல்லவா. 1823இல் அமெரிக்க மிஷன்காரர் தொடங்கிய உயர்கல்வி நிலையம். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வந்தவர்கள் உன் கல்லூரி போன்ற சின்னக் கல்லூரிகளில் படித்தவர்கள். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் அகராதியின் வின்ஸ்லோ, மிடில்பெரிக் கல்லூரிக்காரர். வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இத்தனைக்கும் நடுவில் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். அவர் என்ன படித்தார் என்று பெரியம்மா கேட்டிருந்தால் அவரின் தகப்பனும் என்னைப் போலத்தான் விழித்திருப்பார். கணக்கு எழுதிய ஒருவர் கலித்தொகையும் பதிப்பித்தார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், அதை நீ கண்டுகொள்ள வேண்டாம்.

நாளைக் காலை 7.30 ரயிலில் இருப்பேன். உனக்கு அப்போது ஞாயிறு இரவு 8 மணி. போன் எடு.

அப்புறம், ஜூனில் வருவதென்றால், கல்லூரி தந்த ஐ-20 விசாப் படிவத்தில், திரும்பிப் போகத் தேவையான பயணக் கையெழுத்து இருக்கிறதா பார். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இப்போதே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் வாங்கி, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அப்பா