சைக்கிளில் எஞ்சின் வைப்பவர்கள் கிளட்சை மறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்து தெளிக்கும் எஞ்சினைப் பழைய சைக்கிளில் மாட்டி ஓட்டும் பாலிடெக்னிக் மாணவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால், எஞ்சின் புல்லியிலிருந்து பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சின் ஓடும்போதே சக்கரத்தை அதிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் நடுவில் இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியவர், வண்டியை எப்படி நிறுத்துவது என்று எழுதவில்லை. அதைப் பார்த்து நாலு பையன்கள் அப்படியே செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

உடுமலையில் 31 வருடம் மாவு மில் நடத்தியவன் நான். அப்பா காலத்தில் ஆயில் எஞ்சின். மில் ஷாஃப்டில் இரண்டு புல்லிகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்று கீ என்ற இரும்பு ஆப்பு அடித்து ஷாஃப்டோடு இறுக்கியது, மற்றது சும்மா சுற்றும் லூஸ் புல்லி. அரைக்க ஆள் வந்தால் அப்பா ஒரு மரக்கட்டையால் பெல்ட்டை இறுகிய புல்லிக்குத் தள்ளுவார். அரைத்து முடிந்ததும் லூஸ் புல்லிக்குத் தள்ளிவிடுவார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கல் மட்டும் நின்றுவிடும். கிளட்ச் என்ற பேரே தெரியாத வயதில் நான் பார்த்த கிளட்ச் அது.

தெரிந்திருந்தும் தப்புச் செய்தேன். மில்லை மூடிய பிறகு, 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்குப் போக 35 சிசி ஸ்பிரேயர் எஞ்சினைச் சைக்கிளில் வைத்து, பெல்ட்டை நேராக மாட்டினேன். சந்தைக்கு அருகே ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்க எஞ்சின் தள்ளிக்கொண்டே போனது. வண்டியோடு விழுந்தேன். சைலன்சர் சுட்ட தழும்பு இடது கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வண்டியில் 25 சிசி நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டி எஞ்சின் வைத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் எஞ்சின் 25 சிசியைத் தாண்டாவிட்டால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அந்த மாணவரும் தன் எஞ்சின் எத்தனை சிசி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடுகிறது. சைக்கிள் சக்கரத்துக்கு 180 சுற்றே அதிகம். அதனால் இரண்டு கட்டமாகக் குறைத்தேன். எஞ்சினில் 2 இஞ்ச் புல்லி, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்த ஷாஃப்டில் 8 இஞ்ச்; அங்கிருந்து இன்னொரு 2 இஞ்ச், பின்சக்கர ஸ்போக்கில் பட்டை வைத்து இறுக்கிய சின்ன சைக்கிள் ரிம் 17 இஞ்ச். மொத்தம் 34-க்கு 1. முழு வேகத்தில் மணிக்கு 23 கிலோமீட்டர், எனக்கு அது போதும். பெல்ட் இரண்டுமே 10 மில்லிமீட்டர் அகல வி-பெல்ட்.

கிளட்ச் முதல் பெல்ட்டில் இருக்கிறது. அங்கே சுற்று அதிகம், இழுவிசை குறைவு. லேசாக அழுத்தினாலே பெல்ட் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டைத் தொய்வாக மாட்டி, ஒரு நெம்புகோலில் பொருத்திய தட்டைப் புல்லியால் வெளியிலிருந்து அழுத்துகிறேன். முதலில் அதை மேல் பக்கம் வைத்துவிட்டேன். சைக்கிள் செயினைப் போலவே இதிலும் மேல் பக்கம்தான் விறைப்பு. முதல் இழுப்பிலேயே நெம்புகோல் எகிறி முழங்காலில் அடித்தது. கீழே, தொய்வுப் பக்கம் மாற்றினேன். 6202 என்ற எண்ணுள்ள சின்ன பேரிங்கையே அந்தப் புல்லியாக வைத்துப் பார்த்ததும் தப்பு. 35 மில்லிமீட்டர் வட்டத்தில் பின்பக்கமாக வளைந்து வளைந்து இரண்டே வாரத்தில் பெல்ட் வெடித்துவிட்டது. இப்போது 3 இஞ்ச் புல்லி.

ஸ்பிரிங் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். என் வண்டியில் ஸ்பிரிங் புல்லியை பெல்ட்டிலிருந்து விலக்கும். கேபிளை இழுத்தால்தான் பெல்ட் இறுகும். கேபிள் அறுந்தால் வண்டி தானாக விடுபட வேண்டும், ஓடக் கூடாது. விலகிய பெல்ட் எஞ்சின் புல்லியோடு உரசிக்கொண்டு சுற்றாமல் இருக்க, புல்லியைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகளை வளைத்து வைத்திருக்கிறேன். தொய்ந்த பெல்ட் அவற்றில் சாய்ந்து புல்லியை விட்டுத் தூக்கிக்கொள்ளும். இந்தக் கம்பி இல்லாமல் ஒரு மாதம் திண்டாடினேன்.

புல்வெட்டி எஞ்சினிலேயே கிளட்ச் உண்டே என்பார்கள். உண்மைதான், வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். ஆனால் ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் வேகம் குறையாது, அந்தக் கட்டைகளும் விடாது. எனக்கு ஒருமுறை சிக்கியது. அன்று காப்பாற்றியது கை கிளட்ச்தான்.

பெல்ட்டுக்குத் தகர மூடி கட்டாயம் போட வேண்டும். வேட்டி, சேலை, துப்பட்டா எது மாட்டினாலும் இழுத்துவிடும். மில்லில் ஒருவரின் விரல் போனதைப் பார்த்தவன் நான்.

ஹோண்டா கம்பெனியை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டாவும் 1946-இல் ராணுவத்தில் மிஞ்சிய சின்ன எஞ்சின்களைச் சைக்கிளில் மாட்டித்தான் தொடங்கினார். அந்த மாணவரை யாரும் தடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அவரிடம் சேர்த்துவிடுங்கள். அந்தத் தம்பி உடுமலைக்கு வந்தால், என் வண்டியைக் கழற்றிக் காட்டுகிறேன். 3 இஞ்ச் தட்டைப் புல்லி இன்னொன்று கடைந்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மாவு மில்காரர்,
உடுமலைப்பேட்டை.