வெட்டி எறிந்த ஒன்பது நொடி

காசிமேட்டு மீன் வறுவல் கடை அக்காவுக்கு,

வணக்கம். போன மே மாதம் உங்கள் தள்ளுவண்டி முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். நெத்திலி ரெண்டு தட்டு வாங்கி, எலுமிச்சம்பழம் இன்னும் ஒரு மூடி கேட்டவன். உங்கள் மாமியார்கூட, "இவன் துன்ன வந்தானா, படம் புடிக்க வந்தானா?" என்று சத்தம் போட்டாரே, அந்த ஆள்.

அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். அதில் இல்லாமல் போன ஒன்பது நொடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கல்லில் வஞ்சிரத் துண்டைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். "இன்னிக்குப் புடிச்சதாக்கா?" என்றேன். நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னிக்கு ஏது? தடைக்காலம் கண்ணு. இது மங்களூர் பக்கத்து மீனு, ஐஸ்ல வந்தது. நெத்திலி நம்ம சின்ன ஃபைபர் படகுல வந்தது, அத்தத் துன்னு." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அதை வெட்டி எறிந்தேன். 'கடலிலிருந்து நேராகக் கல்லுக்கு, துள்ளத் துள்ள வஞ்சிரம்' என்று தலைப்பை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். உங்கள் பதில் அதற்குக் குறுக்கே நின்றது.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இந்தக் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை. 2017-லிருந்துதான் 61 நாள். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்ததையும் நான்தான் படம் பிடித்தேன். ஒருவர் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், நாலு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நல்ல பாட்டு ஒன்றைச் சேர்த்து, அடுத்த காட்சியிலேயே 'துள்ளத் துள்ள வஞ்சிரம்' என்று போட்டேன். இதை யோசித்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஜூன் முதல் வாரத்தில் மறுபடி வந்தேன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது, கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அத்தனை கூட்டமும் வஞ்சிரம் கேட்டது. மேற்குக் கரையிலும் ஜூன் 1-ஆம் தேதி தடை தொடங்கிவிடும். கேரளாவில் மட்டும் ஒரு வாரம்போல் தள்ளி. அந்தப் பக்கத்து லாரியும் குறைந்துபோகிற நாட்கள் அவை. இருந்ததில் ஒரு துண்டை வாங்கிக் கடித்த ஒருவர், "துள்ளத் துள்ளன்னு போட்டிருந்தான், இது பழைய மீனு" என்று தட்டை உங்கள் மேசைமேல் வைத்தார். நீங்கள் யாரையும் திட்டவில்லை. அவர் காசைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் அப்படியே நழுவி ஏலக்கூடம் பக்கம் போய்விட்டேன்.

உங்கள் கடையின் ருசி வஞ்சிரத்தில் இல்லை அக்கா. அது எந்த ஓட்டலிலும் கிடைக்கும், இதைவிடத் தடிமனாகவே கிடைக்கும். உங்கள் மாமியார் முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்வதைத்தான் நான் முழுதாகப் போட்டிருக்க வேண்டும். கட்டைவிரலால் தலையைக் கிள்ளுகிறார், குடலும் கூடவே வந்துவிடுகிறது. கத்தியே கிடையாது. பேசிக்கொண்டே ஒரு கூறு மீனை முடித்துவிடுகிறார். அதில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் அரிசி மாவு. கலர்ப்பொடி சேர்க்காததால் வறுவல் கறுஞ்சிவப்பாகத்தான் இருக்கும், வீடியோவில் எடுபடாது. முள்ளோடு மெல்லலாம். கடமாவை, அதாவது கணவாயை, நீங்கள் எண்ணெயில் போட்ட கையோடு எடுத்துவிடுவதையும் பார்த்தேன். "வுட்டா ரப்பரா பூடும்" என்றீர்கள். அதுவும் வீடியோவில் இல்லை. நடுவில் உங்கள் வீட்டுக்காரர் ஐஸ் கூடையோடு குறுக்கே வந்துவிட்டார், காட்சி கெட்டது என்று எடுத்துவிட்டேன். விடியற்காலை மூணு மணிக்கே ஏலத்தில் நின்று கூடை எடுத்து வந்த மனுஷன் அவர். எனக்கு அவர் இடைஞ்சல்!

பழைய வீடியோவை நேற்று நீக்கிவிட்டேன். நல்லவேளை, முழு ஃபைல் போனிலேயே இருந்தது. இன்று காலை அதை எங்கும் வெட்டாமல் ஏற்றியிருக்கிறேன். மங்களூர் மீன் என்று நீங்கள் சொல்வது, மாமியார் என்னைத் திட்டுவது, ஐஸ் கூடை எல்லாம் இருக்கிறது. 'தடைக்காலத்தில் காசிமேட்டில் என்ன சாப்பிடலாம்?' என்று தலைப்பு. பார்க்கிற கூட்டம் குறைவுதான், இதுவரை என் சித்தப்பாவையும் சேர்த்து நாற்பது சொச்சம்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். கூட்ட நேரம் வேண்டாம், பதினொரு மணிக்கு மேல். நெத்திலி ரெண்டு தட்டு, காரப்பொடி மீன் இருந்தால் ஒரு தட்டு. அன்றைக்கு அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுத்த காசையும் சேர்த்து என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எலுமிச்சை இன்னும் ஒரு மூடி கேட்ட தம்பி