செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: புனித கெனோலேயோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா நன்றாக நடந்தது. அடுப்பை வெளியில் வைத்ததால் மழையில் கொஞ்சம் திண்டாட்டம். இந்த ஊரில் ஜனவரியில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. பெரிய பிள்ளைகள் வருவதுதான் குறைந்துவிட்டது, பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி அறிக்கை ஒரே ஆளைப் பற்றியது. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில், கெம்பேர் ஊர்ப் பக்கம் இத்தனை காலம் குடியிருந்தும் இந்த மண்ணின் கதை நமக்குத் தெரியவில்லையே என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது. பிரிட்டனியின் பழைய புனிதர் ஒருவரை எடுத்து ஆண்டு முழுக்கப் படிப்பது என்று தீர்மானித்தோம். மாலோ, சாம்சோன், கொரந்தேன் என்று பல பெயர்கள் வந்தன. கெனோலே தேர்வானதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய லாந்தெவெனெக் மடம் காரில் போய் மாலைக்குள் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கிறது.

முதல் கூட்டத்தில் அவர் வாழ்க்கையைப் படித்தோம். பெற்றோர் ஃபிராகன், க்வென். பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து, இன்றைய சான்-பிரியக் அருகே ப்லூஃபிராகனில் குடியேறியவர்கள். மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கத் தாய்க்கு மூன்றாவது முலை அமைந்தது என்பது கதை. பிரியெக் ஊரில் சான் வெனெக் சிற்றாலயத்தில் அப்படியே சிலை இருக்கிறது. படத்தைத் திரையில் போட்டதும் மதுரைக்கார உறுப்பினர் ஒருவர் எழுந்து தடாதகைப் பிராட்டியின் கதையைச் சொன்னார். அந்த மூன்றாவது முலை சிவனைக் கண்டதும் மறைந்தது, இது பிள்ளைகளுக்காக வந்தது. இரண்டுக்கும் தொடர்பு கண்டுபிடித்து யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம் என்று தலைவர் அன்றே கேட்டுக்கொண்டார். போட்டாகிவிட்டது.

பிரெஹா தீவுக்குப் பக்கத்தில் உள்ள லாவ்ரே தீவில் புடோக் என்ற குருவிடம் கெனோலே படித்தார். புனித பேட்ரிக்கின் நினைவிடத்தைப் பார்க்க அயர்லாந்து போக நினைத்தபோது, பேட்ரிக்கே கனவில் வந்து தடுத்தாராம். அப்புறம் 11 பேரோடு மேற்கே வந்து திபிதி என்ற தீவில் தங்கினார். காற்று அடித்துத் தள்ளும் பொட்டல் தீவு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் முடியவில்லை. கடல் வழிவிட, எதிர்க்கரைக்கு நடந்தே போய் ஓல்ன் ஆற்று முகத்துவாரத்தில் மடம் கட்டினார்கள். வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 485. ஆட்டுத்தோல் உடை, சாம்பல் கலந்த பார்லி ரொட்டி என்று கடும் வாழ்க்கை. தங்கையின் கண்ணை விழுங்கிய வாத்தின் வயிற்றிலிருந்து அந்தக் கண்ணை மீட்டுக் கொடுத்த அற்புதம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. அவருடைய திருநாள் மார்ச் 3.

இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தவர் உர்திஸ்தென், அதே மடத்தின் தலைவர். ஆனால் அவர் எழுதியது ஏறத்தாழ 880இல், புனிதரின் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து! கூட்டக் குறிப்பை மறுநாள் எழுதும்போதே யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் குழம்புகிறது. ஆகவே அற்புதங்களை விட்டுவிட்டு, உர்திஸ்தென் தம் நூலுக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஓர் ஆவணத்தைத்தான் இரண்டாம் கூட்டத்தில் பார்த்தோம். இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து.

818இல் பிராங்கியப் பேரரசர் பக்திமான் லூயி படையோடு பிரிட்டனிக்குள் வந்தார். பிரெத்தோன், அதாவது பிரிட்டனி மக்களின் தலைவன் மோர்வன் கொல்லப்பட்டான். எல்லே ஆற்றங்கரை முகாமில், லாந்தெவெனெக் மடத்தலைவர் மாத்மோனோக்கை அழைத்து உங்கள் துறவிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பேரரசர் விசாரித்தார். அயர்லாந்துத் துறவிகளின் முறைப்படி என்பது பதில். தலை மழிப்பதுகூட அவர்கள் வழக்கம்தான்; காதுக்குக் காது முன்தலையை மழிப்பார்கள். இனி துறவிகளுக்குப் புனித பெனடிக்ட் வகுத்த விதிப்படி வாழுங்கள், ரோம முறையில் உச்சியை வட்டமாக மழியுங்கள் என்று உத்தரவு போட்டார். படையெடுத்து வந்த பேரரசருக்கு முடிவெட்டு விஷயத்தில் என்ன அக்கறை என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. மடங்களின் நடைமுறை ஒன்றானால்தான் அவை அவர் பேரரசுக்குள் அடங்கும். ஒரு துறவி எந்தப் பக்கம் என்பது தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெனோலே இருந்திருந்தால் இந்த உத்தரவை ஏற்றிருப்பாரா என்று வெகுநேரம் வாதம் நடந்தது. உர்திஸ்தென் பெனடிக்ட் விதிப்படி வாழ்ந்தவர், அந்தப் பார்வையோடுதான் கெனோலேயை நமக்குக் காட்டுகிறார். இதை மறந்துவிட்டு அந்த நூலைப் படிக்கக் கூடாது.

913இல் வைகிங் கடற்கொள்ளையர்கள் மடத்தை அழித்தார்கள். துறவிகள் புனிதரின் எலும்புகளோடு வடக்கே மோன்த்ராய்-சூர்-மேர் வரை ஓடினார்கள். அங்கே அவர் சான் வாலுவா என்ற பெயரில் வணங்கப்பட்டார். மடத்து நற்செய்தி நூல் ஒன்று இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள படங்களில் நற்செய்தியாளர்களுக்கு விலங்குத் தலைகள்.

மூன்றாவது கூட்டம், கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் ஈஸ் நகரம் பற்றியது. கூட்டம் அலைமோதியது. கிராட்லோன் அரசன், மகள் தாஹூ, திருடப்பட்ட சாவி, மதகு திறந்து மூழ்கிய நகரம், குதிரையில் தப்பும்போது மகளைத் தள்ளிவிடச் சொல்லும் கெனோலே. கெம்பேர் அருங்காட்சியகத்தில் லுமினே வரைந்த ஓவியத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கதீட்ரலின் இரு கோபுரங்களுக்கு நடுவே குதிரைமேல் இருப்பவனும் அந்தக் கிராட்லோன்தான். ஆனால் உர்திஸ்தெனிடம் கிராட்லோன் உண்டு, மூழ்கிய நகரம் இல்லை. 1637இல் அல்பேர் லெ கிரான் வெளியிட்ட புனிதர் வரலாற்றில் கெனோலேயையும் ஈஸையும் ஒன்றாகப் பார்க்கிறோம். 11ஆம் நூற்றாண்டு மடத்து ஆவணத் தொகுப்பிலோ கிராட்லோன் கொடுத்ததாக ஏகப்பட்ட நிலதானங்கள். நிலத் தகராறு வந்தால் ஒரு பழைய அரசன் கையில் இருப்பது நல்லதுதானே. மகளைக் கடலில் தள்ளச் சொன்னவர் என்று மட்டும் கெனோலேயை நினைவில் வைப்பது அவருக்கு அநியாயம் என்று பல தாய்மார்கள் சொன்னார்கள், நானும் அவர்கள் கட்சி.

வசந்தத்தில் நேரில் போய்வந்தோம். தெரெனெஸ் பாலத்தின் வளைவைத் தாண்டினால், ஆற்று மடியில் ஓய்வு பெற்ற கடற்படைக் கப்பல்கள். பிரெஞ்சுப் புரட்சியில் விற்கப்பட்ட பழைய மடம் இடிபாடாக நிற்கிறது, கிராட்லோனின் கல்லறை என்று காட்டும் இடமும் அங்கேதான். பனைவகை மரங்களைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஊர் நினைவு. மேலே, 1950இல் திரும்பி வந்த பெனடிக்டைன் துறவிகள் கட்டிய புதிய மடம். மாலைச் செபத்தில் நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். துறவிகள் செய்யும் பழ ஜெல்லியை நம்மவர்கள் கடையில் ஏறக்குறைய காலி செய்துவிட்டார்கள். பேருந்து தாமதமாக வந்தது குறித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் இல்லை.

அடுத்த ஆண்டுக்கு உப்பளங்களுக்கு நடுவே பா-சூர்-மேரில் உள்ள கெனோலே கோயிலுக்குப் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பிரிட்டனிப் பிரபு அலன் பார்பதோர்த் லாந்தெவெனெக் மடத்துக்குக் கொடுத்த ஊர் அது. தூரம் அதிகம், அதனால் இரவு தங்க வேண்டியிருக்கும். விரும்புவோர் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— செயலாளர்