செப்டம்பர் வரைக்கும்தான் வண்டி

ஈசூன், சிங்கப்பூர்
ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். டியூட்டிக்குக் கிளம்பும் நேரம் அது. "இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆயில் குடிக்கவில்லை, கியரில் சத்தமில்லை என்கிறாய். அப்புறம் எதற்கம்மா வண்டியைக் கொடுக்கணும்?" என்று கேட்டீர்கள். கும்பகோணம் டிப்போவில் முப்பது வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர் வேறு எப்படிக் கேட்பீர்கள்! அதை உட்கார்ந்து எழுதினால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

இங்கே காருக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது அப்பா. அதை ரோட்டில் ஓட்டும் உரிமையைத் தனியாக ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்பார்கள். 1990இல் கொண்டுவந்த ஏற்பாடு. மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும், புதன்கிழமை மாலை நாலு மணிக்கு முடியும். கார் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட அன்றைக்கு எங்கள் வார்டில் "இன்று எவ்வளவு போனது?" என்று விசாரிப்பார்கள். அந்த உரிமை பத்து வருடத்துக்குத்தான். பத்து வருடம் முடிந்தால் வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சரி, மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை ரத்து செய்துவிட வேண்டும். நம் வெள்ளை கொரோலா 2015 செப்டம்பரில் பதிவானது. நாங்கள் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் கணக்கு பதிவான நாளிலிருந்துதான். அதனால் வரும் செப்டம்பருக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இப்படி ஒரு சட்டமா என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் முதலில் அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் இந்தத் தீவு மொத்தமே நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் கால்வாசிகூட வராது. அதில் 12 விழுக்காடு நிலம் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. கார் எண்ணிக்கையை இனி கூட்டுவதில்லை என்று 2018 பிப்ரவரியிலிருந்து நிறுத்தியே விட்டார்கள். ஒரு பழைய வண்டி போனால்தான் ஒரு புது வண்டி வரலாம். அதனால்தான் காலை எட்டு மணிக்கும் இங்கே பஸ் ஊர்ந்துகொண்டிருக்காமல் ஓடுகிறது, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்து சேருகிறது. மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் அதன் அருமையை மறுக்க முடியாது. ஆனால் அந்தஸ்துக்காகக் கார் வைத்திருப்பவரும், பிள்ளைக்காக வைத்திருப்பவரும் அந்த ஏலத்துக்கு ஒன்றுதான். அது மட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். நம் வண்டி 1,600 சிசிக்குள் அடங்கும் சின்ன வண்டிப் பிரிவு. அது பதிவான காலத்தில் அந்தப் பிரிவில் சிஓஇ ஐம்பதாயிரத்துச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்). 2023 அக்டோபரில் 1,06,000 வரை போனது. இப்போதும் ஒரு லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. புதுப்பிப்பவர்கள் ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை, கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முழுத்தொகை, ஐந்து வருடத்துக்குப் பாதி. ஐந்து வருடம் என்று எடுத்தால் அதன் பிறகு நீட்டிக்கவே முடியாது. பாதி என்றாலும் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் வெள்ளி அப்பா, நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல். இது வெறும் உரிமைக்கு. ரோட் டாக்ஸ் வருடம் ஏறக்குறைய 740 வெள்ளி, பத்து வருடம் தாண்டிவிட்டால் அதற்கு மேல் பத்து விழுக்காடு கூடுதல், வருடா வருடம் அதுவும் ஏறும். வீட்டுக்குக் கீழே நிறுத்த மாதம் 110 வெள்ளி. இன்சூரன்ஸ், பெட்ரோல், நகருக்குள் நுழைந்தால் சாலைக் கட்டணம் எல்லாம் தனி. பத்து வருடத்துக்குள் ஒப்படைத்தால், பதிவு செய்தபோது கட்டிய ஒரு கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவார்கள். எங்களுக்குப் பத்தாயிரம் வெள்ளி அளவில் வரும். புதுப்பித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இவ்வளவு செலவு இருக்கும் ஊரில் கார் ஏன் வாங்கினோம் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று அப்போது நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. பெரியவனுக்கு நாலு வயதில் கூட்டம் ஆகாது, சத்தம் ஆகாது. எம்ஆர்டி ரயில் கதவு மூடும்போது வரும் 'பீப்' ஒலிக்கே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். சுற்றியிருப்பவர்கள் நல்லவர்கள்தான், எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆனால் இடம் அல்ல அவனுக்கு வேண்டியது. தெரபிக்கு வாரத்தில் பல நாள் போக வேண்டியிருந்தது. பாதி நாள் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவோம். கையிலிருந்த நகையை வைத்து இந்த வண்டியை வாங்கினோம். கதவைச் சாத்தியதும் அவன் முகம் மாறுவதை முதல் நாளே பார்த்தேன். அதற்கப்புறம் நான் எந்தச் செலவையும் கணக்குப் பார்க்கவில்லை.

அவன் மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்த வண்டிக்குள்தான். இங்கே பார்க்கிங்குக்குக் காகிதக் கூப்பன் உண்டு. நாள், மணி, நிமிடம் என்று வரிசையாகக் குட்டிக் குட்டி வட்டங்கள் இருக்கும். நிறுத்திய நேரத்துக்குரிய வட்டங்களைக் கிழித்து டேஷ்போர்டில் வைக்க வேண்டும். இப்போது எல்லாரும் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். நாங்கள் மட்டும் கூப்பன் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தோம், அவன் கிழிப்பதற்காக. "மணி என்ன, சொல்லு" என்பேன். கண்ணாடி ஓரத்துக் கடிகாரத்தைப் பார்ப்பான், கூப்பனைப் பார்ப்பான், நகத்தால் அழுத்தி, ஓரம் பிசிறாமல் அந்த வட்டத்தை மட்டும் எடுப்பான். டீச்சர்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது அங்கேதான் பிடிபட்டது. இன்னும் சீட்டுக்கு அடியில் தூசி தட்டினால் அந்த வட்டங்கள் வருகின்றன.

இப்போது அவனுக்குப் பன்னிரண்டு. நீங்கள் வீடியோவில் பார்ப்பதைவிட எவ்வளவோ முன்னேறியிருக்கிறான். போன வருடம் அவனாகவே எம்ஆர்டி வரைபடத்தைக் கையில் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கூட்டமில்லாத நேரத்தில், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, முதலில் ஈசூனிலிருந்து காத்திப் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு பீஷான். பிறகு நியூட்டன். இப்போது ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து மரினா சவுத் பியர் வரை வரிசையாகச் சொல்வான். கான்பெர்ரா ஸ்டேஷன் 2019இல்தான் வந்தது என்பதால் நம் வீட்டுப் பழைய வரைபடத்தில் அது இல்லை. செம்பவாங்குக்கும் ஈசூனுக்கும் நடுவில் பென்சிலால் போட்டுவைத்திருக்கிறான். இனிமேல் வரப்போகும் சுங்கை காடுட், பிரிக்லேண்ட் இரண்டையும் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறான். கார்டைத் தட்டிக் கேட் திறப்பது அவன் வேலை, நான் தட்டினால் கோபம் வருகிறது. தெரபிக்கும் இப்போது ரயிலில்தான் போகிறோம். இரண்டு வெள்ளிகூட ஆவதில்லை. கூட்டம் அதிகமுள்ள நாள்களில் இன்னும் கஷ்டம்தான், ஆனால் அவன் இறங்கச் சொல்வதில்லை, என் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

எதற்காக வண்டி வாங்கினோமோ அந்தத் தேவை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. வேறொரு தேவை எதிரே நிற்கிறது. இங்கே சிறப்புப் பள்ளி பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அவன் எங்கே போவான், என்ன வேலை பழகுவான், நாங்கள் இல்லாத காலத்தில் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் இப்போதே பணம் ஒதுக்க வேண்டிய விஷயங்கள். ஐம்பதாயிரம் வெள்ளியை இன்னொரு ஐந்து வருடத்துக்காகக் கட்டிவிட்டு, அவனுடைய பதினேழாவது வயதில் வெறுங்கையோடு நிற்க என்னால் முடியாது.

உங்கள் மாப்பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. வாரம் தவறாமல் வண்டியைத் துடைப்பவர் அவர். ஐந்து வருடத்துக்காவது புதுப்பிக்கலாம், ஓவர்டைம் பார்க்கிறேன் என்கிறார். துவாஸில் வேலை, ஏற்கெனவே விடிவதற்கு முன் கிளம்புகிறார். இன்னும் ஓவர்டைம் என்றால் பிள்ளைகள் அவரை எப்போது பார்ப்பார்கள்? நான் இரவு டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் பஸ் ஏற வேண்டுமே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. எனக்கு மருத்துவமனை நாலைந்து ஸ்டாப்தான், தூங்கிவிடவும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு அவரே பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து கணக்குப் போட்டார். கடைசிக் கோட்டுக்குக் கீழே எழுதியதைப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

வண்டியை ஊருக்கு அனுப்பினால் என்ன என்று தம்பி கேட்டானாம். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, அதனால் அந்த ஆசை வேண்டாம். பதிவை ரத்து செய்தபின் ஏற்றுமதி செய்கிறவர்கள் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் உடைக்கக் கொடுக்க வேண்டும். உடைக்க மட்டும் கொடுக்க மாட்டேன் அப்பா. பணம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கப்பலேற்றுகிற ஆளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இன்னொரு நாட்டில் இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய இன்ஜின் அது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஆயில் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பார்ப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. நிறம் கறுப்பதற்குள் மாற்றியிருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவரிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

பெரியவனிடம் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டோம். திடீரென்று எதையும் மாற்றினால் அவனுக்குத் தாங்காது. காலண்டரில் செப்டம்பரில் ஒரு கார் வரைந்து, அடுத்த மாதத்தில் ரயில் வரைந்து வைத்திருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறான். "நம்பர் பிளேட் யாருக்கு?" என்று கேட்டான். கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சின்னவளுக்கு ஒரு கவலையும் இல்லை, பஸ்ஸில் மாடியில் உட்காரலாம் என்பது ஒன்றே அவளுக்குப் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்களும் அம்மாவும் தீபாவளிக்கு வருவதாக இருக்கிறீர்கள். அதை ஜூனுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? ஜூன் முழுக்க இங்கே பள்ளி விடுமுறை, நானும் லீவு கேட்டுவைத்திருக்கிறேன். அம்மாவை மலேசியாவில் இருக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்குக் காரிலேயே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. உட்லண்ட்ஸில் எல்லை தாண்டினால் நேர் ரோடு, விடியற்காலை கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். மலேசியாவுக்கு நமக்கு இப்போது விசா வேண்டாம், சிங்கப்பூர் விசாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கிருந்து வண்டி வெளியே போகும்போது டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்று சட்டம், அதையும் முந்தின நாளே போட்டுவைத்துவிடுவேன். படி ஏற அம்மாவால் முடியாவிட்டால் கீழே நின்று கும்பிடட்டும், பெரிய முருகன் சிலை கீழேதான் இருக்கிறது. நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைக் கேட்டுச் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, ஆனால் விடுமுறை நெருங்கினால் டிக்கெட் விலை ஏறிவிடும். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து எந்த மாதம் வரை செல்லும் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தம்பியிடம் சொல்லி உடனே புதுப்பிக்கச் சொல்லுங்கள். மற்றதை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்