மூடிய புட்டிக்குள் கால் சொட்டு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி தண்ணீரோடு இறுக மூடி ஜன்னலோரம் வைத்த புட்டி. கழுத்தின் உள்பக்கம் முத்து முத்தாகத் துளிகள். "மூடி வழியாக ஈரம் இறங்குகிறதா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லையம்மா, அது உள்ளே இருந்த தண்ணீரேதான். சந்தேகமாக இருந்தால் இன்று எடை போட்டுக் குறித்துவை; ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்.

உள்ளே ஈரம் நிறைந்ததும் ஆவியாவது நின்றுவிடும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நிற்பதில்லை. மூலக்கூறுகள் நீரைவிட்டுக் கிளம்பிக்கொண்டேதான் இருக்கின்றன; கிளம்பும் அளவுக்கே திரும்பியும் வருகின்றன. பாடநூல் இதை 'இயங்குச் சமநிலை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. அன்றைக்கு அது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

பின்னால் ஒரு கணக்குப் போட்டபோதுதான் திகைத்தேன். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் இடத்தில் இருக்கக்கூடிய நீராவி சுமார் 23 மில்லிகிராம். உன் ஒரு லிட்டர் புட்டியில் வெற்றிடமாகத் தெரிவது அரை லிட்டர். அதில் 12 மில்லிகிராம்கூடத் தேறாது. குழாய் முனையிலிருந்து விழும் ஒரு சொட்டே ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்கும். ஆக, உள்ளே இருக்கும் ஆவி கால் சொட்டுதான்! பிறகு இத்தனை துளிகள் எங்கிருந்து வந்தன?

வெயிலில் சூடேறும் தண்ணீர் ஆவியாகிறது. கண்ணாடியில் எந்த இடம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் படிகிறது. படிந்த அளவுக்குக் கீழிருந்து மறுபடி ஆவி எழுகிறது. அந்தக் கால் சொட்டு, மூட்டை சுமப்பவரைப் போல நடைமேல் நடை நடந்து தண்ணீரை மேலே சேர்த்துவிடுகிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார். முதலில் வெறும் மூட்டம். பிறகு கடுகளவுத் துளிகள். பக்கத்துத் துளியைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகிப் பருத்து, கனம் தாளாமல் வழியிலிருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு சரியும். பின்னால் துடைத்துவிட்டாற்போல ஒரு கோடு தெரியும். சற்று நேரத்தில் அந்தக் கோட்டிலும் மூட்டம் படியத் தொடங்கும்.

புட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியை ஒட்டி அரைமணி நேரம் விட்டுவை. துளிகள் எந்தப் பக்கம் கூடின என்று எழுது. ஒன்று மட்டும்: நீர் நிறைந்த கண்ணாடி வெயிலைக் குவிக்கும். அதைக் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதே.

அன்புடன்,
அப்பா