பாலத்தை எந்தப் பக்கமிருந்து ஏறுவது

அன்புள்ள கயல்,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த இடங்களுக்கு ஆசிரியர்களைக் கூட்டிப்போக நீ அனுப்பிய அலபாமா பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். 24 ஆசிரியர்கள், 3 நாள், 11 இடம். இடங்களில் குறையில்லை. வரிசைதான் சரியில்லை, எண்ணிக்கையும் அதிகம். ஏழோடு நிறுத்து.

மாண்ட்கோமரியில் தொடங்கி, செல்மா, கடைசியில் பர்மிங்ஹாம் என்று போட்டிருக்கிறாய். அதை அப்படியே தலைகீழாக்கு. மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு 1955இல் தொடங்கியது என்பதால் காலவரிசை கொஞ்சம் இடிக்கும், பரவாயில்லை. 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடந்தவர்கள் போன திசையிலேயே உங்கள் பஸ்ஸும் போகும். எதிர்த்திசையில் வந்தால் 80ஆம் எண் நெடுஞ்சாலை வெறும் ரோடுதான்.

பர்மிங்ஹாமில் முதலில் கெல்லி இங்ராம் பூங்கா, பிறகு எதிரே உள்ள 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். பூங்காவில் ஓரிடத்தில் பாதையின் இரண்டு பக்கமும் போலீஸ் நாய்கள் பாய்வது போன்ற சிலைகள் உண்டு. நடுவில் நடந்துதான் போக வேண்டும், அங்கே விளக்கவுரை தேவையில்லை. பலர் தவறவிடுவது ஒன்று: 1963 மே 2 அன்று இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் பிள்ளைகள் ஊர்வலமாகப் புறப்பட்டது அந்தத் தேவாலயத்திலிருந்துதான். நாலு மாதம் கழித்து, செப்டம்பர் 15 அன்று, வெள்ளை இனவெறியர்கள் அங்கேதான் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துகிறோம். அங்கே போய் நின்றால் ஒரே வாசல்.

செல்மாவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தை ஊர்ப்பக்கமிருந்துதான் ஏற வேண்டும். நடுவில் மேடாக வளைந்த பாலம், அடியிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று வந்த சுமார் 600 பேருக்கும் உச்சிக்கு வந்த பிறகுதான் எதிரே நின்ற போலீஸ் வரிசை கண்ணில் பட்டது. அன்று அவர்களை அடித்து விரட்டினார்கள், மாண்ட்கோமரி வரை நடந்து முடித்தது பிறகுதான். டிரைவரை முன்னதாகவே அக்கரைக்கு அனுப்பிவிடு. நடைபாதை குறுகல், இருவர் இருவராகப் போங்கள். பக்கத்திலேயே வண்டிகள் இரைந்துகொண்டு போகும், பேசினால் காதில் விழாது. வாக்குரிமைப் போராட்டத்தில் இருந்த ஜிம்மி லீ ஜாக்சன் பக்கத்து ஊரான மேரியனில் போலீஸால் சுடப்பட்டு இறந்ததால்தான் இந்த ஊர்வலமே என்பது உட்பட, சொல்ல வேண்டியதையெல்லாம் ஊர்வலம் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலய வாசலிலேயே சொல்லி முடித்துவிடு. கைகோத்து நின்று 'அவர்களைப் போல' படம் எடுப்பது வேண்டாம். அடிபட்டவர்களாக நடித்துக் காட்டும் பயிற்சி அறவே வேண்டாம். அதில் வலி விளையாட்டாகிவிடும்.

நீ இந்தியப் பெண் என்பதால் யாராவது காந்தியைப் பற்றிக் கேட்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தார். அதற்கு முன்பே நாக்பூரில் சில வருஷம் இருந்த ஜேம்ஸ் லாசனிடம் அகிம்சைப் போராட்டம் பயின்றவர்தான் பாலத்தில் முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸ். இவ்வளவு போதும், அங்கே நம் பெருமை பேச வேண்டாம்.

செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி போகும் வழியில் லவுண்டஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒரு மணி நேரம் நிறுத்து. உன் திட்டத்தில் இல்லாத இடம் இது ஒன்றுதான். 1965 தொடக்கத்தில் அங்கே கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்ததற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட வாரக்குடிகள் கூடாரம் போட்டுத் தங்கியதும் அங்கேதான். ஓட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது பாலத்தைவிட இங்கே துலக்கமாகத் தெரியும்.

மாண்ட்கோமரியில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை வெறும் 'கால் வலித்த தையல்காரி' ஆக்கும் கதையை ஒதுக்கிவிட்டு, பஸ்ஸைப் புறக்கணித்த 381 நாளும் ஜனங்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்று கேள். அவர் கைதான அன்று இரவே ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தன் கல்லூரி அச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்தார். கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். அதே வருஷம் மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வின் இதே போல பஸ்ஸில் இடம் விட மறுத்துக் கைதானதையும் சேர்த்துக்கொள்.

அதே ஊரில் அடிமை முறையிலிருந்து தொடங்கும் வரலாற்றைச் சொல்லும் லெகசி அருங்காட்சியகத்துக்கு 3 மணி நேரம் வை. உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, தேதி பார்த்துக்கொள். அது முடிந்து பஸ்ஸில் ஏறியதும் மைக்கை நீட்டி "எப்படி இருந்தது?" என்று கேட்பதுதான் வழக்கமான தப்பு. ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், திறந்தாலும் சம்பிரதாயமாகத்தான் இருக்கும். முதலில் 10 நிமிஷம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். பிறகு இருவராக, அப்புறம் எட்டெட்டுப் பேராக. உங்களில் உள்ள கறுப்பின ஆசிரியர்களிடம் "நீங்கள் சொல்லுங்கள்" என்று திரும்பாதே, பேச விரும்பினால் அவர்களே பேசுவார்கள். கேள்வி ஒன்றே போதும்: ஊர் திரும்பியதும் எந்தப் பாடத்தில் எந்த வரியை மாற்றப்போகிறீர்கள்?

கடைசியாக மாண்ட்கோமரியிலேயே உள்ள நினைவுச்சின்னம். கும்பல் கொலைக்குப் பலியான கறுப்பின மக்களுக்காக 800க்கு மேற்பட்ட எஃகுத் தூண்கள், கவுண்டிக்கு ஒன்று. முதலில் நம் உயரத்துக்கு நிற்கும், தரை சரியச் சரியத் தலைக்கு மேல் தொங்கும். சிலவற்றில் பெயருக்குப் பதில் 'தெரியாதவர்' என்று மட்டும் வெட்டியிருக்கும். அவரவர் பிறந்த கவுண்டி, பள்ளி இருக்கும் கவுண்டி இரண்டையும் முந்தின இரவே சீட்டில் எழுதிவரச் சொல். இல்லாவிட்டால் அத்தனை தூண்களுக்கு நடுவே தேடியே நேரம் போய்விடும். நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

அப்பா